தறிக்கூடமும் சித்திரக்கூடமும்

ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம் வழியாகச் சேலத்துக்குப் போகும் பேருந்தில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நூல் வாங்கப் போகிறவர்கள், நெய்த சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கப் போகிறவர்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்களாதலால், நடுவழியில் இறங்கிக் கைலாசநாதர் கோயில் தூண்களை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை. நான் பலமுறை இறங்கியிருக்கிறேன். கெட்டி முதலிகள் என்னும் குறுநிலத் தலைவர்கள் எடுப்பித்த அந்தக் கோயிலில் ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் பொருதுகிறார்கள். சற்று எட்டி நிற்கும் வேறொரு தூணில் ராமன் வில்லை வளைத்து நிற்கிறான். ராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலியின் பக்கத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரிவதில்லை. மறைந்திருந்து எய்த கதையைச் சொல்ல அந்தச் சிற்பி வேறு உபாயம் எதையும் தேடவில்லை. உருவங்களோடு, அவற்றைப் பார்க்கிறவன் நிற்க வேண்டிய ஸ்தலத்தையும் சேர்த்து வகுத்துவிட்டான்.

ஒரு கலைஞன் தன் படைப்பைப் பிறர் பார்வைக்கு வைப்பதில் உள்ள சங்கடமும் சாமர்த்தியமும் அந்த இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட சில அடி தூரத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தச் சிற்பிக்குச் சுவர் தேடும் பிரயாசை இருக்கவில்லை. தலைவன் கல்லும் கூலியும் கொடுத்தான். சுவாமி கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தார். அவ்விருவரும் விலகிக்கொண்ட பிற்காலத்தில், சுவர், வெளிச்சம், பார்க்க வருகிற மனிதர் ஆகிய மூன்றையும் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியவனான ஓவியன், அரசாங்கக் காட்சிச்சாலையின் கதவு எளிதில் திறவாமலும், பெரிய வியாபாரக் கூடங்களின் கதவு பெயர் பெற்றவர்களுக்கே திறப்பதாகவும் இருக்கக் கண்டு, கடைசியில் போய்ச் சேருமிடம் தனிமுயற்சியால் நடக்கும் ஏதாவதொரு சிறு சித்திரக்கூடமாகத்தான் இருக்கிறது. அங்கே அவனுக்கு நேர்வது என்ன, அந்தச் சுவருக்கு அவன் கொடுக்கும் விலை எதனால் ஆனது என்பதே இக்கட்டுரையின் விஷயம். நெசவாளர் ஊரிலிருந்து எழுதுவதால் விஷயத்தை நெசவுக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். அது தற்செயலாக வந்ததன்று என்பது போகப் போகத் தெரியும்.

தமிழுக்குச் சித்திரக்கூடம் புதிதல்ல. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றத்துக்கு வழிபட வந்தவர்கள் அங்கிருந்த ஓவியங்களைச் சுட்டிச் சுட்டி விசாரிப்பதும், தெரிந்தவர்கள் விடை சொல்வதுமான காட்சி ஒன்று வருகிறது. காமனும் ரதியும் அங்கே இருக்கிறார்கள். பூனை வடிவில் நழுவப் பார்க்கும் இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் இருக்கிறார்கள். படங்கள் எப்படி இருந்தன என்பதைக் காட்டிலும், அவற்றின் முன் நின்று ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் புலவர் குறித்து வைத்திருப்பதுதான் எனக்கு ரஸமாகப் படுகிறது. வரைந்தவனுக்கு அந்தப் பேச்சைக் கேட்கும் பாக்கியம் கிடைத்ததோ இல்லையோ, சிறிய கூடத்தில் காட்சி வைக்கும் இன்றைய ஓவியனுக்கு அது தவறாமல் கிடைத்துவிடுகிறது. பல சமயங்களில் கிடைப்பது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சுவர் இருந்தது, படமும் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை யாரும் காட்சி என்று நினைத்துப் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடவுள் படங்கள் எழுதிய கொண்டைய ராஜு (1898-1976), சென்னைக் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிக் கொடுத்தவை சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடை பெயரையும் மளிகைக்கடை பெயரையும் அடியில் தாங்கிக்கொண்டு, தறி ஓடும் வீடுகளிலெல்லாம் ஆணியில் தொங்கின. வருஷம் முடிந்ததும் தேதித் தாள்கள் போய்விடும். லட்சுமியும் முருகனும் சட்டத்துக்குள் ஏறிவிடுவார்கள். பார்வையாளர்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கெடுத்தால், நவீன ஓவியர் எவருக்கும் அவ்வளவு பெரிய காட்சிச்சாலை வாய்த்ததில்லை. ஆயினும் கொண்டைய ராஜு தம் படத்துக்கு எதிரே நின்றிருந்த ஒரு ஜலகண்டாபுரத்துக் கிழவியின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அச்சு யந்திரம் கூட்டத்தைக் கொடுத்து முகங்களை எடுத்துக்கொண்டது.

அந்த முகங்களைத் திரும்பப் பெற முயன்ற பிரயத்தனங்களில் தென்னிந்தியாவில் முதன்மையானது சோழமண்டலம் என்னும் ஓவியர்களின் கலைக்கிராமம். அதன் வரலாறு பலருக்குத் தெரிந்ததே என்றாலும், அதன் பொருளாதாரம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, ஆதியில் கைத்தொழில் கற்பிக்கும் நோக்கமுடையதாகவே இருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்ற பிறகு ஓவியமும் சிற்பமும் அங்கே உயர்ந்த ஸ்தானத்தை அடைந்தன. கோயமுத்தூரில் 1911-இல் பிறந்து, தந்தி இலாகாவிலும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்தாம் வயதில் அந்தப் பள்ளிக்குள் மாணவராக நுழைந்த கே.சி.எஸ். பணிக்கர், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் அதே பள்ளியின் முதல்வரானார். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டு வந்தவர் அவர். ஜாதகக் கட்டங்களைப் போலவும் ஏட்டுச் சுவடிகளைப் போலவும் தோன்றும் அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963 முதல் உருவாயிற்று. ஆனால் முதல்வரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தம் ஓவியத்தைவிட அதிகமாக உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. வருஷந்தோறும் தேறி வெளியேறும் மாணவர்களில் கெட்டிக்காரர்கள், வயிற்றுப்பாட்டை முன்னிட்டு விளம்பரக் கம்பெனிக்கோ பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்கோ போய், சில வருஷங்களில் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதே அது.

அதற்கு அவர் கண்ட மார்க்கம் விநோதமானது. படம் விற்காது என்பது ஊர்ஜிதமாகிவிட்டபடியால், விற்கக்கூடியதைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் விற்காத படத்தைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்தார்கள். 1960-களின் முற்பகுதியில் கலைஞர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின்பு மெழுகை நீக்கிவிடும் பாத்திக் வேலையை ஓவியர்கள் கையில் எடுத்தார்கள். தோல், உலோகம், மண், மரம் ஆகியவற்றிலும் உபயோகப் பொருள்கள் செய்தார்கள். அவை விற்றன. அந்த வரவைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணலில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1966-இல் சோழமண்டலக் கலைக்கிராமம் பிறந்தது. சர்க்கார் மானியத்தில் பிறக்கவில்லை. ஜமீன்தார் தயவிலும் பிறக்கவில்லை. மெழுகிலும் சாயத்திலும் பிறந்தது. பணிக்கர் மறுவருஷம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1977-இல் காலமாகும் வரை அந்தக் கிராமத்தோடு பிணைந்திருந்தார்.

இதில் எங்கள் ஊர்க்காரனுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பகலில் முதலாளியின் பாவுக்கு நெய்து கூலி வாங்கி, மீந்த ஜரிகையிலும் மீந்த நேரத்திலும் தன் மகள் கல்யாணத்துக்கென்று தனக்குப் பிடித்த புட்டாவோடு ஒரு சேலை நெய்துகொள்ளும் நெசவாளியை நான் அறிவேன். அவன் வீட்டில் கூலிச் சேலைக்கும் கல்யாணச் சேலைக்கும் தறி ஒன்றே. சோழமண்டலத்து ஓவியர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஐரோப்பியப் பாணியில் கைவினை வேறு, கலை வேறு என்று இரண்டு அறைகளாகத் தடுத்து வைத்திருந்த வீட்டின் குறுக்குச் சுவரை, வாடகை கொடுக்க வழியில்லாத காரணத்தாலேயே அவர்கள் இடித்துவிட்டார்கள். இடித்த பிறகு, இரண்டு பக்கத்துக் காற்றும் கலந்தது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய முன்முகச் சிற்பங்களிலும், பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்துச் செய்தவற்றிலும், கோயில் கவசமும் பாத்திரக்கடைப் பட்டறையும் ஒருங்கே நினைவுக்கு வருவது அந்தக் கலப்பினால்தான். வேலு விஸ்வநாதன் பாரிஸுக்குப் போனார், எஸ்.ஜி. வாசுதேவ் பிற்பாடு பெங்களூருக்குப் போனார். போனவர்களும் இருந்தவர்களும், மணலில் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தைத் தங்கள் கல்லூரிக் காலத்தைவிட முக்கியமானதாகவே மதித்தார்கள். ஆர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண் கலைஞர்களும் அங்கே இருந்தனர் என்றாலும் அவர்கள் தொகை சொற்பமே. சுவர் தேடும் கஷ்டம் பெண்களுக்கு இரட்டிப்பு என்பதை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

கலைக்கிராமத்தில் காட்சி வைப்பதன் விசேஷம் என்னவென்றால், பார்க்க வருகிறவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. படத்துக்கு உரியவர் பத்தடி தூரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்; ‘இது என்ன’ என்று கேட்டால் அவரேதான் பதில் சொல்ல வேண்டும். நகரத்துக் கூடத்தில் ஓவியனுக்கும் பார்க்க வருகிறவருக்கும் இடையே விமரிசகர், விற்பனையாளர், அழைப்பிதழ் என்று பல திரைகள் உண்டு. இங்கே திரை இல்லை. அதில் லாபமும் இருந்தது, உபத்திரவமும் இருந்தது. கடலோரச் சாலையில் மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க இறங்குகிறவர்கள் கேட்கும் அதே கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்வது எந்தச் சாந்தசீலனுக்கும் சிரமமான காரியம். உப்புக் காற்று வேறு. உலோகச் சிற்பத்தைக் களிம்பேற வைப்பதற்கும், சட்டத்தின் ஆணியைத் துருவேற்றுவதற்கும் அதைப்போல் சுறுசுறுப்பான வேலையாள் கிடையாது. 2009-இல் அங்கே தற்காலக் கலைக்கான மையம் கட்டி, இந்த ஓவியர்களை உள்ளடக்கிய சென்னை இயக்கத்தின் படைப்புகளை நிலையாக வைத்த பிறகுதான், அந்தத் தலைமுறையின் வேலையைப் பிற்காலத்தவர் ஒரே கூரையின் கீழ் காண ஏதுவாயிற்று.

நெசவுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவை நான் உவமைக்காகச் சொல்லவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1950-களில் மத்திய சர்க்கார் கைத்தறிக்குப் புதிய டிசைன்கள் வேண்டி நெசவாளர் சேவை மையங்களை ஏற்படுத்தியபோது, புபுல் ஜெயகரின் முயற்சியால் அவற்றில் ஓவியர்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். பம்பாயில் பிரபாகர் பர்வே போன்றவர்களும், சென்னையில் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்றவர்களும் அப்படிச் சம்பளம் வாங்கியவர்கள். பகலெல்லாம் சேலைக்கு முந்தானையும் கரையும் வரைந்துவிட்டு, இரவில் தன் கித்தானுக்கு எதிரே உட்காரும் வாழ்க்கை அது. சேலத்திலும் அத்தகைய மையம் உண்டு. 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் அங்கே இருந்து வருகிறது. எங்கள் பகுதிச் சேலைகளில் ஓடிய எத்தனையோ கொடிகளுக்குப் பின்னால், நவீன ஓவியக் காட்சிகளில் பேர் பெற்ற கைகள் இருந்திருக்கக்கூடும். சேலையில் பெயர் போடும் வழக்கம் இல்லையாதலால் எந்தக் கொடி யாருடையது என்று சொல்ல வழியில்லை.

மற்ற இடங்களிலும் சிறு கூடங்கள் பிறந்த விதத்தைக் கவனித்தால் இதே ரீதிதான். தில்லியில் தூமிமல், எழுதுபொருளும் வர்ணமும் விற்ற கடையிலிருந்து 1936-இல் சித்திரக்கூடமாயிற்று. பம்பாயில் கேகூ காந்தி 1941-இல் தொடங்கியது படச்சட்டம் செய்யும் தொழில். சட்டத்தின் அழகைக் காட்ட, உள்ளே ஏதாவது படம் வேண்டுமே என்று ஆரா, ஹெப்பர் போன்ற ஓவியர்களின் படங்களை மாட்டி வைத்ததில் ஆரம்பித்து, 1963-இல் அது செமோல்ட் என்னும் கலைக்கூடமாகப் பரிணமித்தது. சென்னையில் சோலி தாருவாலா 1965-இல் சரளா கலைக்கூடத்தைத் தொடங்கியபோது, ஓவியங்களை விலைக்கு விற்பதையே தொழிலாகக் கொண்ட தனியார் கூடம் தென்னாட்டுக்கு நூதனமாக இருந்தது. ஆக, கலைக்கென்று வானத்திலிருந்து இறங்கிய மண்டபம் எதுவும் இல்லை. மரவேலையோ, காகிதக் கடையோ, மெழுகுச் சட்டியோ அதற்கு முன்னால் இருந்திருக்கிறது.

பாரிஸ் நகரத்தில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1874 ஏப்ரல் மாதத்தில், அரசாங்கத்தின் பெரிய காட்சியில் இடம் கேட்டு அலுத்துப்போன மோனே, ரெனுவார், டெகா, பிஸாரோ, செஸான், பெர்த் மொரிஸோ முதலிய முப்பது பேர், நாடார் என்னும் புகைப்படக்காரர் காலி செய்த ஸ்டூடியோவை எடுத்துத் தாங்களே காட்சி வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவிலும் திறந்து வைத்தார்கள், தரையிலிருந்து கூரை வரை அடுக்காமல் இரண்டு வரிசைக்கு மேல் போகாதபடி மாட்டினார்கள். மாட்டும் வேலையில் பெரும்பகுதி ரெனுவாரின் தலையில் விழுந்தது. ஒரு மாதத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 3,500 பேர். அவர்களில் பலர் சிரிக்க வந்தவர்கள். ஒரு பத்திரிகைக்காரர் பரிகாசமாகக் கொடுத்த பெயரே பின்னால் அந்த இயக்கத்துக்குப் பெயராயிற்று. அதெல்லாம் சரித்திரப் பிரசித்தம். அவ்வளவாகப் பேசப்படாதது, வருஷக் கடைசியில் அவர்கள் கணக்குப் பார்த்தபோது தெரியவந்த தொகை: கூட்டுறவாகச் சேர்ந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் 184 பிராங்க் 50 சாந்தீம் கடன்பட்டிருந்தார்கள். நவீன ஓவியத்தின் வாசல் திறந்த செலவை அதைத் திறந்தவர்களே கொடுத்தார்கள்.

இனி, கண்ணால் கண்ட ஒன்று. சில வருஷங்களுக்கு முன் தை மாதத்தில், நெசவாளர் வீட்டிலிருந்து சென்னைக்குப் போய்ச் சித்திரம் பயின்ற இளைஞர் ஒருவர், எங்கள் பக்கத்தில் விசைத்தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதால் காலியாகக் கிடந்த ஒரு கூடத்தில் மூன்று நாள் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். கூடத்துக்காரர் வாடகை கேட்கவில்லை. கரெண்டு பில் மட்டும் கட்டச் சொன்னார். தறிகள் நின்ற இடங்களில் எண்ணெய் ஊறிக் கறுத்த நீள்சதுரங்கள் தரையில் அப்படியே இருந்தன. எவ்வளவு பெருக்கியும் மூலைகளிலிருந்து பஞ்சுத் தூசி வந்துகொண்டே இருந்தது. கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியே விழும் வெயில் கட்டம், காலையில் ஒரு படத்தின் மேலும், நடுப்பகலில் தரையிலும், சாயங்காலம் எதிர்ச் சுவரில் வேறொரு படத்தின் மேலுமாக நகர்ந்து போயிற்று. நகரத்துக் கூடங்களில் அப்படி வெயில் படுவதைப் பெரிய அபசாரமாகக் கருதுவார்கள். அவர் முதல் நாள் முழுதும் அந்த வெயிலின் பின்னாலேயே அலைந்து, இருபத்திரண்டு படங்களையும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி, படத்தின் நடுப்பாகம் தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக வருமாறு அவர் ஆணியடித்திருந்தார். ஆனால் வந்தவர்கள் நிற்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் தார் சுற்றிக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் குழந்தைகளோடு வந்து, யார் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாலும் செய்வதைப் போல, தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்; உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது எல்லாப் படங்களும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. தாரமங்கலத்துச் சிற்பி அந்த இளைஞருடைய காரியத்தை மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவரும் நானும் தவிரக் கூடத்தில் யாருமில்லை. சிறு கூடத்தில் காட்சி வைத்த எந்த ஓவியரைக் கேட்டாலும் இந்த மூன்று மணியைப் பற்றிச் சொல்லுவார். துவக்க விழாவின் குத்துவிளக்கும் சால்வையும் முடிந்த பிறகு, யாரும் வராத அறையில், தன் படங்களோடு தான் மட்டும் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. வரையும்போது ஓவியனுக்குத் தன் படம் தெரிவதில்லை, கைதான் தெரிகிறது. அந்த வெற்று நேரத்தில்தான் இந்தப் படத்தின் நீலம் பக்கத்துப் படத்தின் பழுப்பை விழுங்கிவிடுகிறது என்பதும், இரண்டு வருஷமாகத் தான் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வந்திருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தட்டுப்படுகின்றன. இவ்வளவையும் அந்த இளைஞரே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, ஒரு படத்தைக் கழற்றிச் சுவரோரமாகத் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். குழித்தறியில் ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர். சுவரில் இருந்தவற்றைப் பொதுவாக ஒரு நோட்டம் விட்டுவிட்டு, நேராகத் திருப்பி வைத்திருந்த படத்தண்டை போய்க் குந்தி உட்கார்ந்து, அதன் பின்பக்கத்தை விரலால் தடவினார். சேலையின் தரம் பார்க்கிறவன் எப்போதும் முதலில் பின்பக்கத்தைத்தான் புரட்டுவான்.

“ஏந்தம்பி, இது எத்தனாம் நம்பர் நூலுங்க?”

“தெரியலீங்க தாத்தா. கடையில வாங்கின கித்தானுங்க.”

“முன்பக்கம் கஞ்சி போட்டிருக்குதே?”

கஞ்சி மாதிரிதான், வர்ணம் துணிக்குள் இறங்கிவிடாமலிருக்கப் பசை தடவி வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள் என்று இளைஞர் விளக்கினார். பெரியவர் திருப்தியோடு தலையசைத்தார். அதிகாலையில் தெருவை அடைத்துப் பாவை விரித்துக் கஞ்சி தடவி ஆற்றிய காலத்தை அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு படத்தைத் தாமே முன்பக்கமாகத் திருப்பி வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த கையெழுத்தைச் சுட்டி, “இது யாரு பேரு?” என்றார். “என் பேருதானுங்க.” “நெய்தவன் பேரு போட்டுக்கலாமாக்கும்?” என்று கேட்டார். பரிகாசமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அந்த மூன்று நாளில் கேட்ட விமரிசனங்களுள் இதற்கு மேலானதொன்று இல்லை.

வருகையாளர் நோட்டில் பலர் வாழ்த்து எழுதியிருந்தார்கள். ஒருவர், காலமான தம் தாயாரின் போட்டோவைக் கொடுத்தால் பெரிதாக வரைந்து தர என்ன ஆகும் என்று கேட்டுக் கைபேசி எண்ணையும் குறித்திருந்தார். அந்த வேலை பின்னால் நடந்தது என்றும், காட்சிக்கான செலவில் ஒரு பகுதி அதில் மீண்டது என்றும் கேள்விப்பட்டேன். பெரிய கூடங்களில் இது நடவாது. அங்கே கணக்கு வேறு: சட்டம், போக்குவரத்து, அழைப்பிதழ் ஆகியவை பெரும்பாலும் ஓவியன் பொறுப்பு; படம் விற்றால் விலையில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்துக்குக் கழிவு; விற்காவிட்டால் பத்திரமாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் உரிமை. பாதி அதிகம் என்று ஓவியர்கள் முறையிடுவதுண்டு. வாடகையும் விளக்கும் சம்பளமும் கொடுத்து, வாங்கக்கூடிய மனிதர்களை வருஷக்கணக்காகப் பழகி வைத்திருக்கும் கூடத்துக்காரருக்கு அது நியாயமே என்று நான் நினைக்கிறேன். என் ஆட்சேபணை வேறு. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்கிறவனுக்குச் சேலை யாரிடம் போயிற்று என்பது தெரியாது. கழிவு எவ்வளவானாலும், தன் படம் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்பதை ஓவியனிடம் சொல்லாத கூடம், அவனைக் கூலிக்காரனாக்கிவிடுகிறது. கூட்டுறவுச் சங்கங்களும், 1935 முதல் கோ-ஆப்டெக்ஸும் நெசவாளிக்கு விலையை ஓரளவு நேராக்கித் தந்தன. உடுத்துகிறவளின் முகத்தை அவைகூடக் காட்டித் தரவில்லை.

சிறு கூடத்தின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் மறைக்கலாகாது. கே. ராமானுஜம் என்னும் மேதை சோழமண்டலத்தில் இருந்தார். மனநோயின் பாரமும் பேச்சின் தடையும் அவரை உலகத்தோடு ஒட்டவிடாமல் செய்தன. மைக்கோட்டில் அவர் எழுப்பிய மாளிகைகளும், பறக்கும் உருவங்களும், அவற்றினிடையே தொப்பி அணிந்து தாமே நடமாடும் விசித்திரமும் இந்திய ஓவியத்தில் தனித்து நிற்கின்றன. பணிக்கர் அவரை அரவணைத்தார். தோழர்கள் இடம் கொடுத்தார்கள். 1973-இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கலைக்கிராமம் அவருக்கு ஒரு சுவரைத் தர முடிந்தது. அதைத் தவிர அவருக்கு வேண்டியிருந்தவற்றைத் தருவது சித்திரக்கூடம் எதற்கும் சாத்தியமில்லை. அவர் வேலைக்கு வந்த மதிப்பின் பெரும்பகுதி அவர் போன பிறகு வந்தது.

ஊர்ப்புறத்துக்குச் சித்திரக்கூடம் வராத காலத்தில் அந்த வேலையைச் செய்தவை சிறு பத்திரிகைகள். 1970-இல் தொடங்கிய கசடதபறவிலும், அதைத் தொடர்ந்து வந்த பல ஏடுகளிலும், ஆதிமூலம், பாஸ்கரன் முதலிய ஓவியர்கள் பிரதிபலனை எதிர்பாராமல் கோடு போட்டுக் கொடுத்தார்கள். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த ஏறக்குறைய நூறு காந்தி உருவங்களை நேரில் காணாத எத்தனையோ பேர், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது அதே கையின் கோடுகளில் கரிசல் காட்டுச் சம்சாரிகளைக் கண்டார்கள். எனக்கும் நவீன ஓவியம் அறிமுகமானது ஒரு சலூன் பெஞ்சில்தான். ரேகை ரேகையாக நடுங்கிக்கொண்டே உறுதியாக நிற்கும் அந்தக் கோடு, பிசிறு வெட்டாத பாவு நூலைப் போல இருந்தது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. ஆதிமூலம் சேவை மையத்தில் வேலை பார்த்தவர் என்பது நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தறிக்கூடக் காட்சி மூன்றாம் நாள் இரவு முடிந்தது. ஒரு படம் விற்றிருந்தது. வாங்கியவர் வெளியூர்ப் பள்ளி ஆசிரியர். பெரியவர் தடவிப் பார்த்த படம் விற்கவில்லை. இளைஞர் அதை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். பழைய சேலைகளில் சுற்றி ஒவ்வொன்றாக வேனில் ஏற்றிவிட்டு, சுத்தியின் பின்பக்கத்தால் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கியபோது, கூடத்துக்காரர் ஓடி வந்து தடுத்தார். இருக்கட்டும், சாயம் போட்ட நூலைக் காயவைக்கத் தோதாக இருக்கும் என்றார். பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போகையில் கதவு திறந்திருந்தது. அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகச் சிட்டம் சிட்டமாக நூல், சுவர் நெடுக, ஒரு சாண் இறக்கி அடித்த அதே ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.